செய்கூலி, சேதாரம்

மூன்று வருடங்களுக்கு முன் ஆவணி மாதத்தில் விருத்தாசலத்தில் என் தங்கையின் கல்யாணம். போட்டோ, வீடியோ இரண்டுக்கும் சேர்த்து அந்த ஊர் ஸ்டூடியோக்காரர் கேட்ட தொகை 85,000 ரூபாய். வரவேற்பு ஒரு மாலை, முகூர்த்தம் ஒரு காலை. வழக்கமான போட்டோ ஒருவர், வீடியோ ஒருவர், 'கேண்டிட்' எடுக்கப் பாண்டிச்சேரியிலிருந்து வரும் பையன் ஒருவர், நாற்பது தாள் கரிஷ்மா ஆல்பம் இரண்டு. ஒரு தாளில் அச்சடித்து வைத்திருந்தார்.

பேசப் போனது நானும் தாய்மாமாவும். மாமாவுக்கு விருத்தாசலத்தில் சின்னதாக ஒரு செராமிக் பட்டறை இருக்கிறது. கொலு பொம்மைகளும் அகல் விளக்கும் செய்கிறார். மாமா தாளை மேலிருந்து கீழே ஒரு தடவை படித்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

"ஒன்ற நாள் வேலைதான தம்பி?"

ஸ்டூடியோக்காரர் சிரித்தார். இந்தக் கேள்வியை அவர் வாரம் ஒருமுறை கேட்டிருப்பார் போல. "நாள் கணக்கு இல்லண்ணே" என்று ஆரம்பித்தார். மாமா விடவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து 60,000க்கு முடிந்தது. அவர் தன் கூலியில் கை வைக்கவில்லை, தாளில் ஒரு வரியை அடித்தார். கேண்டிட் பையன் வர மாட்டான். அவ்வளவுதான். எனக்கும் அதில் சந்தோஷம்தான். 25,000 ரூபாய் மிச்சம் என்று அன்று இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன்.

அந்த 25,000 ரூபாயைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. ஒரு வேலைக்கு நியாயமான விலை என்று ஒன்று உண்டா, உண்டென்றால் அதை எதைக் கொண்டு அளப்பது என்ற பழைய கேள்வி எனக்கு அந்தக் கல்யாணத்திலிருந்துதான் புதிதாக ஆனது.

*

மாமாவைக் கஞ்சர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருக்கு விலை போடத் தெரியும். பொம்மையைக் கையில் எடுத்தால் அதன் அடக்க விலையைப் பைசாவோடு சொல்வார்.

செராமிக் பொம்மை செய்யும் விதம் இது. களிமண்ணைத் தண்ணீரோடு கலந்து, சோடியம் சிலிகேட் கொஞ்சம் சேர்த்து, தோசை மாவைவிடச் சற்று நீர்த்த குழம்பாக்குவார்கள். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரீஸ் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உள்சுவரோடு ஒட்டி மண் ஒரு தோலாகப் படியும். போதுமான தடிமன் வந்ததும் மிச்சக் குழம்பைக் கவிழ்த்து வடித்துவிடுவார்கள். அதனால்தான் பொம்மை உள்ளே கூடாக இருக்கிறது. பிறகு அச்சைப் பிரித்து, ஓரத்தைச் சீவி, காயவைத்துச் சூளையில் அடுக்க வேண்டும். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்கும். ஒரு பக்கம் தடிமனாகவும் மறுபக்கம் மெல்லியதாகவும் இருந்தால் சுருக்கம் சமமாக இருக்காது, விரிசல் விடும். ஈரம் மிச்சமிருக்கும்போது சூடு வேகமாக ஏறினால் உள்ளேயே வெடிக்கும்.

ஆகவே நூறு பொம்மை ஏற்றினால் நூறும் இறங்காது. எத்தனை இறங்கும் என்பது சூளை திறக்கும்வரை தெரியாது. மாமாவின் விலைக்கணக்கில் மண், எரிபொருள், ஆள்கூலி, பெயின்ட் எல்லாம் தனித்தனி வரி. கடைசி வரி சேதாரம். உடைந்த பொம்மைக்கான செலவை உடையாத பொம்மைகளின் தலையில் பிரித்துப் போடுவார். "ஒடஞ்சதுக்கும் சேத்துதான் மாப்ள வெல. வாங்குறவன் நல்லதத்தான் பாக்குறான். சூளைக்குத்தான் கணக்கு தெரியும்" என்பார். அச்சுக்கும் ஆயுள் உண்டு. நூறு தடவைபோல ஊற்றியபின் பிள்ளையாரின் தும்பிக்கை மழுங்க ஆரம்பிக்கும். அப்புறம் புது அச்சு. அதுவும் கணக்கில் வரும்.

தங்க நகை வாங்கிய எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் செய்கூலி, சேதாரம் என்ற இரண்டு சொற்களும் தெரியும். முணுமுணுத்தாலும் கொடுக்கிறோம். ஆனால் போட்டோக்காரரின் தாளில் அந்த இரண்டு வரிகள் இல்லை. இருந்திருந்தால் மாமா ஒருவேளை பேரம் பேசும் விதமே மாறியிருக்கும்.

*

கல்யாணம் முடிந்து ஆல்பம் வாங்கப் போனபோது, அந்தக் கணக்கை நான் அவரிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். மென்பொருள் ஆளாக இருப்பதன் கெட்ட பழக்கம் இது, எதையும் அட்டவணையாகப் பார்ப்பது. வாங்கிய 60,000த்தில் இரண்டு ஆல்பத்துக்கு 16,000. வீடியோ எடுத்தவருக்கு 10,000. விளக்கு பிடித்த பையனுக்கு 3,000. வீடியோ எடிட்டிங்கை வெளியே கொடுத்ததற்கு 6,000. மீதி 25,000. அன்று மொத்தம் 4,000 படம்போல எடுத்திருந்தார். நிக்கான் டி850 போன்ற ஒரு கேமராவின் ஷட்டர் 2 லட்சம் தடவை இயங்கும் என்று சோதித்துத்தான் நிறுவனம் விற்கிறது. கேமரா விலையை அந்த எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு கிளிக்குக்கு ஏறத்தாழ ஒரு ரூபாய் தேய்மானம். 4,000 அங்கே போனது. 21,000 மிச்சம்.

அந்த 21,000க்கு அவர் உழைத்தது ஒன்றரை நாள் இல்லை. 4,000 படத்தில் கண் மூடியவை, ஆடியவை, ஒரே மாதிரி ஐந்து ஆறு இருப்பவை எல்லாவற்றையும் கழித்து 2,300 ஆக்கியது, நிறம் சரிசெய்தது, ஆல்பம் வடிவமைத்தது, பிறகு மாப்பிள்ளை வீட்டார் சொன்ன திருத்தங்களைச் செய்தது எல்லாம் சேர்த்துப் பத்து நாள். நாளுக்கு 2,100 ரூபாய். நல்ல கூலிதானே என்று தோன்றலாம். ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியைப் பல வீடுகளில் தவிர்க்கிறார்கள். மிச்ச மாதங்களிலும் முகூர்த்தம் எல்லோருக்கும் ஒரே நாளில் வருகிறது. ஒரே தேதியில் மூன்று பேர் கூப்பிட்டாலும் ஒருவருக்குத்தான் போக முடியும். அவருக்கு வருடத்துக்கு 25 கல்யாணம் கிடைத்தால் 5,25,000. மாதம் 8,000 வீதம் கடை வாடகை 96,000 போக 4,29,000. மாதம் 36,000க்குச் சற்றுக் குறைவு. லென்ஸ் கடன் தவணை அதற்குள்.

இது கொள்ளை இல்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. ஆனால் மாமாவுக்கு ஏன் கொள்ளையாகத் தெரிந்தது?

ஒரு காரணம், அலகு காணாமல் போனது. புகைப்படத் தொழிலின் வரலாறே ஒருவகையில் விலைக்கான அலகைத் தேடிய வரலாறுதான். 1839இல் டாகெரின் முறை அறிவிக்கப்பட்டபோது ஒரு தகட்டில் ஒரு படம்தான், நகல் எடுக்க முடியாது. 1854இல் பாரிஸில் டிஸ்டெரி என்பவர் ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். படத்தின் விலை சரிந்தது, நடுத்தர வர்க்கம் ஸ்டூடியோ வாசலில் வரிசை கட்டியது. 1888இல் வந்த கோடாக் கேமரா 25 டாலர். உள்ளே 100 படத்துக்கான சுருள். முடிந்ததும் கேமராவையே நிறுவனத்துக்கு அனுப்பினால் 10 டாலருக்குக் கழுவிப் பிரதி போட்டு, புதுச்சுருள் மாட்டித் திருப்பி அனுப்பினார்கள். அதன்பிறகு நம் ஊர் ஸ்டூடியோக்களில் 36 படம் கொண்ட ரோல் வந்தது. எங்கள் அப்பா அம்மா கல்யாணத்துக்கு மூன்று ரோல். எத்தனை ரோல், எத்தனை பிரதி, என்ன அளவு, பெருக்கினால் விலை. யாருக்கும் சந்தேகம் இல்லை.

டிஜிட்டல் வந்ததும் அந்த அலகு போய்விட்டது. ஒரு படம் கூடுதலாக எடுக்கக் கண்ணுக்குத் தெரிகிற செலவு எதுவும் இல்லை. அலகு இல்லாத இடத்தில் வாங்குபவன் தனக்குத் தெரிந்த அலகைக் கொண்டுவந்து வைக்கிறான். அது நேரம். என் தொழிலிலும் இதே கதைதான். "ரெண்டு வரி மாத்துறதுக்கு மூணு நாளா?" என்று கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. எந்த இரண்டு வரி என்று கண்டுபிடிக்கத்தான் அந்த மூன்று நாள். அதை எந்த அட்டவணையிலும் நம்பும்படி எழுத முடிந்ததில்லை.

பின்னால் ஒன்று நடந்தது. மாமா வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கப் பொம்மைகளைப் படம் எடுக்க வேண்டியிருந்தது. அதே ஸ்டூடியோக்காரரைத்தான் கூப்பிட்டார். அவர் பொம்மைக்கு 150 ரூபாய் என்றார். நாற்பது பொம்மை, 6,000 ரூபாய். காலை பத்துக்கு ஆரம்பித்து மதியத்துக்குள் முடிந்தது. மணிக்கணக்கில் பார்த்தால் கல்யாணத்தைவிட அதிகம். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. பொம்மைக்கு இவ்வளவு என்பது அவருடைய மொழி.

*

ஸ்டூடியோக்காரர்கள், ஓவியர்கள், என்னைப் போன்றவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதற்கு ஒரு நீதிமன்றச் சரித்திரமும் இருக்கிறது. 1877இல் லண்டனில் விஸ்லர் என்ற ஓவியரின் இரவுக்காட்சி ஒன்றை ரஸ்கின் என்ற விமர்சகர் கடுமையாக ஏளனம் செய்தார். வண்ணச்சட்டியை மக்கள் முகத்தில் வீசிவிட்டு 200 கினி கேட்கிறார் என்ற பொருளில் எழுதினார். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878இல் விசாரணை. இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். இல்லை, ஒரு வாழ்நாளின் அறிவுக்குக் கேட்கிறேன் என்றார் விஸ்லர். வழக்கில் அவர் ஜெயித்தார். நஷ்டஈடாகக் கிடைத்தது ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி. அடுத்த வருடம் திவாலானார்.

மாமாவிடம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொன்னேன். வாதத்தில் ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு. மாமா ஒரு அகல் விளக்கை எடுத்து என் கையில் வைத்தார்.

"எனக்கும் முப்பது வருஷம் ஆச்சு மாப்ள. சூளைக்குள்ள சூடு எப்டி இருக்குன்னு நெறத்தப் பாத்தே சொல்வேன். இது மொத்த வெலைக்கு ரெண்டு ரூவா. என் வாழ்நாள எங்க வெக்கிறது?"

என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் விஸ்லரின் பதில் அழகானது, ஆனால் அதைக் கொண்டு எந்த விலையையும் நியாயப்படுத்தலாம். வாழ்நாள் அறிவு எல்லாத் தொழிலாளியிடமும் இருக்கிறது. ஆனால் அது சிலரிடம்தான் விலையாக மாறுகிறது. மாமாவின் விளக்கு அச்சில் வருவது. பத்தாயிரத்தில் ஒன்று உடைந்தால் இன்னொன்று அதே மாதிரி இருக்கும், அவர் தராவிட்டால் பக்கத்துப் பட்டறை தரும். தாலி கட்டும் நிமிடம் ஒருமுறைதான் வரும். தவறவிட்டால் யாராலும் திருப்பித் தர முடியாது. சந்தை விலை கொடுப்பது அந்தத் திரும்ப வராத தன்மைக்கு. திறமைக்கும் உழைப்புக்கும் அது கொடுக்கும் பங்கு தற்செயலானது.

இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அன்று பேரத்தில் நடந்தது எனக்கு விளங்கியது. மாமா பணத்துக்காக மட்டும் முக்கால் மணி நேரம் வாதாடவில்லை. இன்னொரு மனிதனின் ஒன்றரை நாள், தன் பட்டறையின் பல சூளைகளுக்குச் சமம் என்று ஒரு தாள் சொல்கிறது. அதை அவர் மறுக்க வேண்டியிருந்தது. விலையை நாம் மதிப்பெண்ணாக வாசிக்கிறோம். அதனால் அடுத்தவனின் விலை நம்மைக் குத்துகிறது. பேரத்தில் வரும் 'இதுக்கா இவ்ளோ' என்ற சொல்லில் பாதி நம்மைப் பற்றியது.

*

விருத்தாசலத்துக்கு விலை பற்றிய சிந்தனை புதிதில்லை. பழமலைநாதர் கோயிலின் தலமரம் வன்னி. விபசித்து முனிவர் அந்தக் கோயில் திருப்பணியைச் செய்தபோது, அன்றன்றைய கூலியாக வேலையாட்களுக்கு வன்னி இலைகளைக் கொடுத்தாராம். அவரவர் உழைத்த அளவுக்கு அந்த இலை பொன்னாக மாறியதாம். சின்ன வயதில் இதை அற்புதக் கதையாகக் கேட்டேன். இப்போது கேட்டால் ஒரு பொருளாதாரக் கனவாகத் தெரிகிறது. மேஸ்திரி கணக்கு எழுத வேண்டாம், பேரம் வேண்டாம், பொறாமை வேண்டாம். இலைக்கே தெரியும்.

அதே கோயிலில்தான் சுந்தரருக்கு இறைவன் 12,000 பொன் கொடுத்தார். அதை மணிமுத்தாற்றில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். சுந்தரர் என்ன செய்தார்? ஒத்துப்பார்க்க அந்தப் பொன்னில் கொஞ்சத்தை மச்சமாக வெட்டி வைத்துக்கொண்டார். கடவுள் கொடுத்ததையே உரைத்துப் பார்த்தவரின் கதை வழங்கும் ஊரில், போட்டோக்காரரிடம் கணக்கு கேட்பது தப்பில்லை.

ஊருக்கு வெளியே மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் இருக்கிறார். அங்கே பிராது கட்டுவார்கள். களவு போனது, கடன் திரும்பாதது, புருஷன் வராதது என எதுவானாலும் முருகனுக்கு மனுவாக எழுதி, பூசை செய்து, சூலத்தில் கட்ட வேண்டும். காரியம் முடிந்ததும் திரும்ப வந்து 'ராஜினாமா' கொடுக்க வேண்டும். அப்படியே கோர்ட்டு நடைமுறை. இதில் என்னைக் கவர்ந்தது கட்டணம் போடும் விதம். மனுதாரரின் ஊரிலிருந்து கோயிலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்த்து அதற்கேற்ற ஒரு சிறு தொகையும் வாங்குவார்கள். ஆடு தொலைந்தவனுக்கும் மகன் தொலைந்தவளுக்கும் தூரம் ஒன்றென்றால் தொகையும் ஒன்றுதான். கேட்பவனின் தவிப்பு எவ்வளவு பெரியது என்று பார்த்து விலை ஏற்றுவதில்லை.

13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவைனஸ் நியாய விலை பற்றிச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. ஒரு பொருளைக் கொடுப்பதால் விற்பவனுக்கு ஏற்படும் இழப்பை விலையில் சேர்க்கலாம். வாங்குபவனுக்கு அது அவசரத் தேவை என்பதற்காக விலையை ஏற்றக் கூடாது, ஏனென்றால் அந்தத் தேவை விற்பவனுடையது இல்லை, அவன் தன்னுடையதல்லாத ஒன்றை விற்க முடியாது.

இந்த அளவுகோலை வைத்தால் பல விஷயம் தெளிவாகிறது. முகூர்த்த நாளுக்கு அதிகம் கேட்பது நியாயம். அந்தத் தேதியை எங்களுக்குக் கொடுத்ததால் அவர் இழக்கும் மற்ற வேலைகள் உண்மையானவை. மண்டபத்தின் வாசலில் நிற்கும் கார்களைப் பார்த்து 20,000 கூட்டுவது நியாயமில்லை. ஆனால் ஏழை வீட்டுக்குக் குறைத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் அங்கே கூட்டினேன் என்று அவர் சொன்னால்? அப்படிச் செய்யும் டாக்டர்களை நாம் கும்பிடுகிறோமே. அங்கே நான் தடுமாறுகிறேன். அக்குவைனஸ் தடுமாறமாட்டார் என்று நினைக்கிறேன். எனக்கு அந்த உறுதி இல்லை. வேறுபடுத்துவது ஒன்றே ஒன்றுதான்: கூட்டிய பணம் எங்கே போகிறது என்பது. அது வாங்குபவனுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது.

*

கல்யாணத்துக்குப் பதினோரு மாதம் கழித்து, ஆடியில், அப்பா போய்விட்டார். மாரடைப்பு. மாட்டுவதற்குப் படம் தேடினோம்.

2,300 படங்களில் அப்பா 14இல் இருந்தார். எல்லாம் மேடைப் படங்கள். கையைக் கட்டி, கழுத்துப் பட்டன் வரை போட்டு, பாஸ்போர்ட் படத்துக்கு நிற்பதுபோல நின்றார். மேடையை விட்டு நகராத ஒரே கேமரா. அப்பாவோ இரண்டு நாளும் பந்தியில்தான் இருந்தார். சாம்பார் வாளியைத் தானே வாங்கிக்கொண்டு, உட்கார்ந்தவர்களை அதட்டிச் சாப்பிட வைத்துக்கொண்டு. அந்த அப்பாவைத்தான் எங்களுக்குத் தெரியும். வீடியோவில் பந்தி நாற்பது நொடி வருகிறது, அதில் அவர் முதுகு தெரிகிறது. கேண்டிட் பையன் வந்திருந்தால் அவன் சுற்றியிருக்கும் இடம் அதுதான்.

25,000 கொடுத்திருந்தால் கிடைத்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. வந்திருந்தாலும் அவன் மணப்பெண்ணின் தோழிகளையே எடுத்திருக்கலாம். எந்தப் படம் பின்னால் தேவைப்படும் என்று தெரியாமல்தான் எல்லோரும் விலை பேசுகிறோம். விலை போடும் நாளும் மதிப்பு தெரியும் நாளும் வேறு வேறு. ஆகவே விலையால் மதிப்பை அளக்கவே முடியாது. செய்பவர் அவசரப்படாமல், அலுத்துக்கொள்ளாமல், அடுத்த முகூர்த்தத்துக்கும் இதே கவனத்தோடு வர முடிகிற தொகை எதுவோ அதைத்தான் நியாய விலை என்று என்னால் இப்போதைக்குச் சொல்ல முடிகிறது. வன்னி இலை அளவுக்குத் துல்லியம் இல்லைதான்.

ஸ்டூடியோவுக்குப் போனேன், மாமாவும் வந்தார். கழித்த படங்கள் ஏதாவது இருக்குமா என்று கேட்டேன். சட்டப்படி கேட்கும் உரிமை எங்களுக்கு இருந்ததா தெரியாது. நம் 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவர்தான். அமெரிக்காவில் பொதுவாக எடுத்தவருடையது. ஆனால் கழித்த படத்தைப் பதினோரு மாதம் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்க வேண்டும் என்று எங்கேயும் பேசவில்லை, அதற்கு நாங்கள் காசும் கொடுக்கவில்லை. அவர் வைத்திருந்தார்.

அரை மணி நேரம் தேடினார். முகூர்த்தத்தன்று விடியற்காலை நாலே முக்காலுக்கு, வெளிச்சம் சரிபார்க்க மேடையிலிருந்து மண்டபத்தைப் பார்த்து எடுத்த ஒரு சோதனைப் படம். காலி நாற்காலி வரிசைகள். நடுவில் ஒரு நாற்காலியில் அப்பா மட்டும். தோளில் துண்டு, கையில் டீ. மேடையில் பூ கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன்னை யாரும் பார்க்கவில்லை என்ற முகம்.

அந்தப் பகுதியை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, ஃப்ரேம் போட்டுத் தந்தார். எவ்வளவு என்று கேட்டேன். அன்று அவர் எவ்வளவு சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

"ஃப்ரேமுக்கு 850 குடுங்க சார். படத்துக்கு என்ன, அது வேஸ்ட் படம்."

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வேஸ்ட்டுக்கும் சேத்துதான தம்பி வெல."

அவர் எதைச் சொன்னார் என்று இன்னும் யோசிக்கிறேன். அந்தப் படத்துக்கான காசை முன்பே 60,000த்தில் கொடுத்துவிட்டோம் என்றா, இல்லை, அன்று நாம் குறைத்துப் பேசியது இதையும் சேர்த்துத்தான் என்றா? 850ஐ எடுத்துக் கொடுத்தது மாமாதான்.